நாலாவது கம்பி

எனக்கு வாய் நீளம். பாளையங்கோட்டையில எங்க தெருவுல கேட்டாலே சொல்லுவாக, பிரிஸில்லா டீச்சர்ட்ட வாயக் குடுத்தவன் முழுசா வீடு போய்ச் சேந்தது கெடையாதுன்னு. அதனால நடராஜ் கொத்தனாரப் பத்திச் சொல்லணும்னா அவர நான் திட்டுனதையும் சேத்துத்தான் சொல்லணும். மறைச்சு என்ன ஆவப்போவுது.

அவரு சீவலப்பேரிக்காரரு. அம்பத்தி நாலு வயசு. ஒல்லியா நெட்டையா இருப்பாரு, காதுல எப்பவும் ஒரு துண்டுப் பென்சில். முப்பது வருஷமாக் கொத்து வேல. சர்ச் காம்பவுண்டு, அரிசி மில்லு, கல்யாண மண்டபத்துப் படின்னு அவரு கை படாத சுவரு அந்தப் பக்கத்துல கொறச்சல். பேச்சுதான் வராது. நாம நாலு கேள்வி கேட்டா ஒண்ணுக்குப் பதில் வரும், அதுவும் 'ம்'முன்னு. எனக்கு அப்படிப்பட்ட ஆளுகளக் கண்டாலே எரிச்சல்.

அவர நான் தேடிப் போனது ஒரு தூணுக்காக. நான் காலேஜ்ல ஜியாலஜி சொல்லிக் குடுக்கவ. போன்ல மேப்பப் போட்டா 'எடது பக்கம் திரும்பு'ன்னு சொல்லுதுல்லா, அதுக்கு மேல சுத்துத சாட்டிலைட்டுதான் காரணம். ஆனா அந்தச் சாட்டிலைட்டு எங்கன நிக்குன்னு கீழ இருந்து யாராச்சும் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். அதுக்காக உலகம் பூரா ஐநூறு எடத்துக்கு மேல நெலையம் போட்டு, அசையாத தூணு மேல ஆன்டெனாவ வச்சு, ராப்பகலா சிக்னலக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அந்தக் கூட்டத்துல எங்க தாமிரவரணிக் கரையும் சேரணும்னு எனக்கு ஒரு கோட்டி புடிச்சிருந்தது. நாலு வருஷமா எழுதாத கடுதாசி இல்ல, கேக்காத வாசப்படி இல்ல. ஒரு வழியா ரிசீவரும் ஆன்டெனாவும் வந்து சேந்துட்டு.

எடமும் கெடச்சிட்டு. சீவலப்பேரிக்கு மேக்க ஒரு பொத்தை. சின்னக் கல்லுமலையத்தான் நாங்க பொத்தைம்போம். மரம் மறைக்காது, பாறை நல்ல பாறை, மேல ஏறி நின்னா சித்தாறு வந்து ஆத்துல விழுதது வரைக்கும் தெரியும். கொத்தனாருக்குக் கேட்டப்போ எல்லாரும் நடராஜையே கைகாட்டுனாக. டீக்கடை ஹசன் அலி மட்டும், "வேல சுத்தமா இருக்கும் டீச்சர். ஆனா மக போனதுல இருந்து ஆளு ஒரு மாதிரி, பாத்துப் பேசுங்க"ன்னாரு. மக எங்க போனான்னு நான் கேக்கல. எவங்கூடயாச்சும் போயிருக்கும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். ஆக்கங்கெட்ட புத்தி எனக்கு.

சித்திரை வெயில்ல வேல ஆரம்பிச்சது. பாறையில மூணடி ஆழத்துக்குக் குழி, குழியோட நாலு மூலையிலயும் பாறைக்குள்ள தொள போட்டு இறக்குன நாலு இரும்புக் கம்பி, அந்தக் கம்பிகளச் சேத்துக் கான்கிரீட் தூணு. மனுசன் மட்டம் பாக்கதுக்கு ரசமட்டம் கொண்டு வரல. ரப்பர் டியூப்புல தண்ணிய ஊத்திக்கிட்டுப் பாக்காரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு.

"ஏன் அண்ணாச்சி, ஒரு ரசமட்டம் கூட இல்லாம என்ன கொத்தனார் நீங்க? கோழிக்கூடா கட்டுதோம் இங்கன?"

அவரு தலையத் தூக்கவே இல்ல. "ஆத்தோட போச்சு டீச்சரம்மா"ன்னாரு. நாலு மாசத்துக்கு முந்தி மார்கழி வெள்ளத்துல ஊரே சாமான் சட்டியத் தொலைச்சிருந்தது. போனது போச்சு, புதுசு ஒண்ணு வாங்க வேண்டியதுதானன்னு அதுக்கும் ஒரு பாட்டம் பேசுனேன். இன்னைக்கு நெனச்சா என் வாயில நானே போட்டுக்கணும் போல இருக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் அவராவே வந்து ஒரு கேள்வி கேட்டாரு. "இந்தத் தூணு அசையாதா டீச்சரம்மா?"

"அசையவே கூடாது. ஒரு மில்லிமீட்டர் அசைஞ்சாலும் ஊருலகத்துக்கே தெரிஞ்சு போயிரும். இது நிக்குத எடம் ஜப்பான்காரனுக்கும் தெரியும், ஜெர்மனிக்காரனுக்கும் தெரியும். நீங்க நெனச்சாலும் இதத் தொலைக்க முடியாது"ன்னேன், பெருமையா.

"தொலைக்கவே முடியாதா?"

"முடியாதுன்னு சொல்லுதேன்லா."

மறுநா எனக்குப் பரீட்சை டூட்டி. அந்த ஒரு நாள்தான் நான் பொத்தைக்குப் போகல. சித்தாளுகள வீட்டுக்கு அனுப்பிட்டு அவரு ஒத்தையிலயே குழிய நெரப்பிட்டாருன்னு பொறவு தெரிஞ்சது. அவசரத்துல செஞ்சிருப்பாருன்னு அதையும் விட்டுட்டேன்.

ரெண்டு வருஷம் ஓடுச்சு. தூணு மேல ஆன்டெனா, பக்கத்துல ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள ரிசீவர், பேட்டரி. விடியக்காலம் அஞ்சரைக்கு லண்டன்ல ராத்திரி பன்னெண்டு அடிக்கும். எங்க வேலையில நாளு மாறுதது அப்பத்தான். அன்னன்னைக்கு ஃபைல மூடி, கம்ப்யூட்டரே அனுப்பி வச்சிரும். நான் பல்லு வெளக்குததுக்கு முன்ன போனத் தொறந்து ஃபைல் வந்து சேந்துட்டான்னு பாப்பேன். கல்யாணம் காச்சின்னு ஒண்ணும் பண்ணிக்கிடாதவளுக்கு அதுதான் விடியல்.

ஆனா ரெண்டு கொற இருந்துச்சு. ஒண்ணு, வெள்ளிக்கிழம தோறும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு இருவது நிமிஷம் சிக்னல் நொண்டும். மத்த நாளு சுத்தமா இருக்கும். ஆடு மேய்க்கவனோ, போட்டோ எடுக்கப் பயலுகளோன்னு நெனச்சேன். ஆடு கிழம பாத்தா வரும்? ரெண்டாவது கொறதான் பெரிசு. தூணு சாயுது. நம்ம நாடே வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் வடகெழக்க நகருதுதான், அதக் கழிச்சுட்டுத்தான் பாப்போம். கழிச்ச பொறகும் தூணு கெழக்க போவுது. மொத ஐப்பசி மழைக்கு ரெண்டு மில்லிமீட்டர். அடுத்த மழைக்கு மூணு. கெழக்கன்னா ஆத்துப் பக்கம். அந்த ஐநூறு நெலையத்தையும் சேத்து நடத்துத வலையத்துக்காரங்க மரியாதையா ஒரு கடுதாசி போட்டுட்டாங்க. தூண் நெலையா இல்ல, காரணத்த எழுதுங்க, இல்ல புதுசாக் கட்டுங்க, இப்படியே சேத்துக்கிட முடியாதுன்னு.

டிபார்ட்மெண்ட்ல கூட வேல பாக்க ஜெபசீலன், "ரெண்டு எண்ண லேசாத் திருத்தி அனுப்புங்க, எவன் வந்து பாக்கப் போறான்"ன்னாரு. நான் விட்ட டோஸ்ல அவரு அன்னைக்கு மத்தியானச் சோறு திங்கல. எங்கிட்ட எந்தக் கொறையும் இருக்கலாம், ஆனா இல்லாதத இருக்குன்னு நான் எழுதுனதும் இல்ல, சொன்னதும் இல்ல. இத அப்ப பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழம, யாருன்னு பாத்துருவோம்னு நாலரைக்கே பொத்தை மேல ஒரு பாறைக்குப் பின்னால போயி ஒக்காந்துட்டேன். அஞ்சு மணிக்கு ஆளு வருது. காதுல பென்சில். நடராஜ் அண்ணாச்சி.

குளிச்சு நெத்தியில துன்னூறு பூசிக்கிட்டு வந்திருந்தாரு. ஒரு எவர்சில்வர் தட்டத் தூணு மேல, ஆன்டெனாவுக்கு ஒட்டி வச்சாரு. தட்டுல கொஞ்சம் பச்சரிசி மாவு, ஒரு மொழம் பிச்சிப்பூ, கண்ணாடி வளையலு ஒரு டஜன், சின்னச் சீப்பு, மை டப்பா. ரெண்டு கையாலயும் தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நெத்திய அதுல சாச்சு நின்னாரு. வாய் மட்டும் அசையுது. பேசாத மனுசன் கான்கிரீட்டுக்கிட்ட நிறுத்தாமப் பேசுதாரு.

எனக்கு வேதக்கார வீட்டுப் பொறப்பு, இதுகள்ல நம்பிக்க கெடையாது. ஆனாலும் எங்க பக்கத்துப் பழக்கம் தெரியாதா? கல்யாணம் ஆவாமச் செத்துப்போன பொம்பளப் பிள்ளையக் கன்னின்னு வச்சுக் கும்பிடுவாக. ஓலப்பெட்டியில அவளுக்குப் பாவாட தாவணி, வளையலு, மை எல்லாம் வச்சு வீட்டுக்குள்ளயே ஒரு எடம் குடுப்பாக. அந்தத் தட்டப் பாத்ததும் எனக்கு எல்லாம் வெளங்கிட்டு. அடி ஆத்தீன்னு நெஞ்சப் புடிச்சுக்கிட்டேன்.

"அண்ணாச்சி"ன்னு கூப்புட்டேன். எம்புட்டுப் பையக் கூப்புட்டும் மனுசன் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புனாரு.

அவரு அத்தன நேரம் பேசி நான் கேட்டது அன்னைக்கு மட்டுந்தான். ஆத்தப் பாத்துக்கிட்டே பேசுனாரு, என்னையப் பாக்கல.

"வேணின்னு பேரு. பன்னெண்டாவது படிச்சா. அந்த மார்கழியில தண்ணி தெருவுக்குள்ள வரவும் பள்ளிக்கூட மாடிக்குப் போனோம். போன பொறவு பாத்தா பை இல்ல. கரண்டி, தூக்குக்குண்டு, புது ரசமட்டம் எல்லாம் அதுலதான் கெடக்கு. ரசமட்டம் வாங்கி ஒரு வாரம் ஆவல டீச்சரம்மா. 'ஏட்டி, ஓடிப்போயி ஆணியில தொங்குத பையத் தூக்கிட்டு வா'ன்னு நாந்தான் சொன்னேன். மொழங்காலுத் தண்ணிதான். சத்தியமா மொழங்காலுதான். விடியக்காலம் அஞ்சர மணி இருக்கும். அதுக்குள்ள சித்தாத்துத் தண்ணியும் சேந்து வந்துட்டு."

பிள்ளையும் கெடைக்கல, ஒடம்பும் கெடைக்கல. எனக்கு ஃபைல் வருத அந்த அஞ்சர மணி மனசுல போயிச் சுருக்குன்னுச்சு.

"பொதைக்க ஒரு ஒடம்பு இல்ல. எங்க போயி விழுந்து கும்புட? அப்பத்தான் நீங்க சொன்னிய, இந்தத் தூணத் தொலைக்கவே முடியாதுன்னு. ஒலகத்துக்கே எடம் தெரியும்னு." தூணோட அடியத் தொட்டுக் காட்டுனாரு. "ஒரு மண்கலயத்துல அவ பச்சப் பட்டுப்பாவாட, தாவணி, கொக்கி அறுந்த ஒத்தக் கொலுசு எல்லாம் வச்சு உள்ள எறக்கிட்டேன். கலயத்துக்கு எடம் பத்தல. அதான் நாலாவது கம்பிய விட்டுட்டேன்."

கெழக்கு மூலைக் கம்பி. தூணு ஏன் ஆத்தப் பாத்துச் சாயுதுன்னு காரணம் கெடச்சிட்டு. காரணம் கெடச்சா எனக்குச் சந்தோஷம் வரும் எப்பவும். அன்னைக்கு வரல.

"தூணு ஆத்துப் பக்கம் அஞ்சு மில்லிமீட்டர் சாஞ்சிட்டு. இத இடிச்சுத்தான் ஆவணும் அண்ணாச்சி"ன்னேன். எப்படிச் சொன்னேன்னு இப்பவும் தெரியல.

அவரு சடக்குன்னு என் கையப் புடிச்சுட்டாரு. "இடிச்சிராதிய. எம்பிள்ளைக்காவ மட்டும் சொல்லல. உலகம்மாவுக்காவச் சொல்லுதேன்."

உலகம்மாள் அவரு பெஞ்சாதி. பிள்ள போனதும் நாலு மாசம் படுத்த படுக்கையாக் கெடந்தவ. தூணு கட்டி முடிச்சு ஒரு மாசங்கழிச்சு எதுக்கோ பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியத் தொறந்திருக்கா. பச்சப் பாவாடயக் காணோம், தாவணியக் காணோம், கொலுசக் காணோம். "அன்னைக்குத்தான் மொத மொத சிரிச்சா"ன்னாரு. "'ஏங்க, எம்பிள்ள உசுரோட இருக்கா. நாம இல்லாத நேரமாப் பாத்து வந்து துணி எடுத்துட்டுப் போயிருக்கா. கோவத்துல இருக்கா, வந்துருவா'ங்கா. அன்னைக்கு அவ சோறு தின்னா டீச்சரம்மா. நான் என்னத்தச் சொல்ல?"

அன்னையில இருந்து அந்த வீட்டுக் கதவுக்குக் கொண்டி போடுதது கெடையாதாம். வட்டில்ல ஒரு ஆளுச் சோறு மூடி வச்சிருப்பாளாம். வேணி வருவாளாம். ரெண்டு வருஷமா.

"சாயலன்னு எழுதிருங்க. அஞ்சு மில்லிமீட்டர்தான. ஒரு பயறு தண்டி கூட இருக்காது."

"நான் பொய் எழுத மாட்டேன் அண்ணாச்சி. எழுதுனாலும் அடுத்த மழைக்கு இன்னும் சாயும்"ன்னேன். அதுக்கு மேல அங்கன நிக்க முடியல, ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் அழுகையும் கோவமும். அவரு மேலயா, எம்மேலயா, அந்த ஜப்பான்காரன் ஜெர்மனிக்காரன் மேலயான்னு தெரியல.

பத்து நாள் கழிச்சு அவரே போன் போட்டாரு. "நானே இடிக்கேன். வேற எவனும் கை வைக்கப்புடாது."

ரெண்டு நாளு இடிச்சாரு. சுத்தியல ஓங்கி அடிக்கல, சின்ன உளியில கொஞ்சங் கொஞ்சமாக் கொத்துனாரு. அடியில கலயம் ஒரு பக்கம் கீறல் விட்டிருந்தது, ஆனா உள்ள துணி நனையல. அத எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. அப்பொறம், "வீடு வரைக்கும் கூட வாங்க டீச்சரம்மா, ஒத்தையில என்னால போவ முடியாது"ன்னாரு.

உலகம்மாக்கா வாசல்ல அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தா. கலயத்தப் பாத்தா. அவரு அதக் கீழ வச்சுட்டுத் தள்ளி நின்னாரு. அவ கையத் தொடச்சுக்கிட்டுப் பாவாடய வெளிய எடுத்தா. பிரிக்கல. ஓரத்த வெரலால தடவிப் பாத்தா.

"இது நான் மடிச்ச மடிப்பு"ன்னா. "எம்பிள்ள எடுத்திருந்தா இப்படி மடிச்சு வச்சிருக்க மாட்டாளே. அவளுக்கு மடிக்கத் தெரியாதே."

அழுவா, அடிப்பா, மண்ணத் தூத்துவான்னு பயந்துக்கிட்டு நிக்கேன். ஒண்ணும் இல்ல. அவரப் பாத்து, "ரெண்டு வருஷமா தெனம் நான் சோறு எடுத்து வைக்கையில பக்கத்துலதான இருந்திய"ன்னு மட்டும் கேட்டா. அவரு தரையில ஒக்காந்துட்டாரு. அவ பாவாடய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உள்ள போயிக் கதவச் சாத்துனா. கொண்டி விழுந்த சத்தம் கேட்டுது. அவரு வெளியிலயே ஒக்காந்திருந்தாரு. நானும் இருட்டுத வரைக்கும் அங்கனயே இருந்தேன்.

புதுத் தூணையும் அவருதான் கட்டுனாரு. நாலு கம்பி. நாலையும் என் கண்ணு முன்னால எறக்குனாரு. நான் புதுசா ஒரு ரசமட்டம் வாங்கிக்கிட்டுப் போயிருந்தேன், அத அவரு தொடவே இல்ல. டியூப்புத் தண்ணியிலதான் மட்டம் பாத்தாரு. நான் வாயத் தொறக்கல. கலயத்துல இருந்ததெல்லாம் இப்ப அவங்க வீட்டுக்குள்ள, ஒரு மூலையில ஓலப்பெட்டியில இருக்கு. அந்த வட்டில்ல சோறு வைக்கத உலகம்மாக்கா நிறுத்திட்டா. அவருகிட்ட மூணு மாசம் பேச்சு கெடையாது.

தூணு புதுசுன்னா பழைய பேரு செல்லாது, வேற பேரு குடுக்கணும். இங்கிலீசுல நாலே எழுத்து. ஃபாரத்துல அந்த எடத்துக்கு வந்ததும் நான் யோசிக்கல, வேணின்னு அடிச்சு அனுப்பிட்டேன். வைகாசி பொறக்கும்போது ஏத்துக்கிட்டோம்னு பதில் வந்துட்டு. ஐநூறு நெலையத்துப் பட்டியல்ல அவ பேரு நிக்குது, பக்கத்துல எடம் மில்லிமீட்டர் சுத்தமா. அண்ணாச்சிக்குப் போன் போட்டு, பேரையும், தெனம் விடியக்காலம் அஞ்சரைக்கு அவ பேருல ஃபைல் வந்துருங்கதையும் சொன்னேன். எனக்குப் பெரிய புண்ணியம் கட்டிக்கிட்டதா நெனப்பு.

மறுநா விடியக்காலம் அஞ்சே முக்காலுக்குப் போன் அடிக்குது. அவரு நம்பர். எடுத்தா உலகம்மாக்கா.

"டீச்சரம்மா, பிள்ள வந்துட்டாளா?"

போன்ல பாத்தேன். வேணி, அன்னைக்குள்ள ஃபைல், வந்து சேந்திருந்தது.

"வந்துட்டாக்கா."

"செரி"ன்னு வச்சுட்டா.

அதுல இருந்து தெனமும். ஞாயித்துக்கிழம கூட. அஞ்சே முக்காலு, அதே கேள்வி, அதே பதிலு. ஒரு நாளு கூட அவ ஃபைலுன்னு சொன்னதில்ல. அது என்னதுன்னு அவளுக்குத் தெரியாமலா? நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கா. நான் செஞ்சது நல்லதா கெட்டதான்னு ஜெபத்துல கேட்டுப் பாத்துட்டேன், பதில் வரல. கதவுக்குக் கொண்டி போட வச்சோம், சரி. இப்ப அவ அந்தக் கதவ விட்டுட்டு எம்போன் முன்னால ஒக்காந்திருக்கா.

போன வாரம் இடி எறங்குன ராத்திரிக்கு மறுநா, அஞ்சரைக்குப் பாத்தா வேணிக்கு நேரா செவப்புக் கோடு. ரிசீவர் செத்துக் கெடக்கு. ஃபைல் வரல. அஞ்சே முக்காலுக்குப் போன் அடிச்சது.

"டீச்சரம்மா, இடி ஆத்துப் பக்கமா விழுந்துச்சே. பிள்ள வந்துட்டாளா?"

ஜெபசீலன அன்னைக்கு என்ன பேச்சுப் பேசுனேன். நடராஜ் அண்ணாச்சிய மொகத்துக்கு நேரா, நான் பொய் எழுத மாட்டேன்னேன். கண்ணு முன்னால செவப்புக் கோடு அப்படியே நிக்குது.

"வந்துட்டாக்கா"ன்னேன். "பத்திரமா வந்துட்டா."

போன வச்சுட்டு, நைட்டி மேல ஒரு துப்பட்டாவப் போட்டுக்கிட்டு, பேட்டரியத் தூக்கி ஸ்கூட்டர்ல வச்சேன். பொத்தைக்கு ஓடுனேன். நான் போய்ச் சேரும்போது அங்கன ஏற்கனவே ஒரு ஆளு தூணுக்குப் பக்கத்துல நிக்காரு. காதுல பென்சில். என் கையில இருந்த பேட்டரியப் பாத்தாரு.

"நீங்களும் பொய் சொல்லிட்டியளா"ன்னு கேட்டாரு.